தாவரவியல் சோறு போடுமா?

அரசுக் கல்லூரிக் கலந்தாய்வில் எனக்கு பி.எஸ்சி. தாவரவியல் கிடைத்திருக்கிறது. பிடித்த பாடம்தான். ஆனால், "செடி கொடியைப் படித்து என்ன சம்பாதிக்கப் போகிறாய்? பி.காம். மாறிக்கொள்" என்று மாமா விடாமல் சொல்கிறார். அம்மாவும் பயப்படுகிறார். சேரலாமா?
- மாணவி, மணப்பாறை

சேருங்கள் மகளே. இந்தப் பாடத்தைக் கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் துணிந்து சொல்கிறேன். ஆனால் மாமாவின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் இந்தப் படிப்புக்கென்று உள்ள வேலைகள் குறைவு. எம்.எஸ்சி. வரை படிக்கவைக்க வீட்டில் இயலுமா என்று இப்போதே பேசிவிடுங்கள். வேளாண் அலுவலர் ஆவதுதான் கனவென்றால் இந்தப் பட்டம் உதவாது, அதற்கு பி.எஸ்சி. வேளாண்மை வேண்டும். மூன்றாம் ஆண்டில் இதைத் தெரிந்துகொண்டு கலங்கி நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

செடியைக் கண்டதும் இன்னதென்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்தப் பட்டத்தால் பலன். மூலிகை மருந்து நிறுவனத்துக்கு மூட்டை மூட்டையாகக் கீழாநெல்லி வந்து இறங்கும். அதே சாயலுள்ள வேறு இனங்களும் அதில் கலந்திருக்கும். உண்மையான கீழாநெல்லியான பிலாந்தஸ் அமாரஸின் காய் வழவழப்பானது. சிறு காம்பில் தொங்கும். பிலாந்தஸ் யூரினேரியாவின் காயோ சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். கை லென்ஸில் பார்த்து இதைப் பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். பொடியாக வந்தால் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் தாவரவியல் படித்தவருக்கு உள்ள வேலை இதுதான். குவாரியோ நெடுஞ்சாலையோ வரப்போகும் நிலத்தில் என்னென்ன தாவரங்கள் உள்ளன என்று பட்டியலிட, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்களும் இத்தகையவர்களைத் தேடுகின்றன. வாழைக் கன்று உற்பத்தி செய்யும் திசு வளர்ப்புக் கூடங்கள் இன்னொரு வழி.

உங்களுக்குத் திருச்சி பக்கம். தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே.எம்.மேத்யூ 1967-இல் தொடங்கிய ரபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடம் அது. ஆசிரியர் மூலம் அனுமதி பெற்று ஒருமுறை போய்ப் பாருங்கள். பிறகு முதல் பருவத்திலேயே சொந்தத் தொகுப்பைத் தொடங்குங்கள். பூவோடும் காயோடும் கிளையை எடுத்து, செய்தித்தாள்களுக்கு இடையே விரித்துப் பாரம் வையுங்கள். முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்றுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும். இடம், தேதியோடு பூவின் நிறத்தையும் அன்றே குறித்துவிடுங்கள். காய்ந்தால் நிறம் போய்விடும். ஊர்ப் பெயரை ஆட்டிடையர்களிடம் கேளுங்கள். நேர்காணலில் நீங்கள் சேர்த்த தாள்களை மேசைமேல் விரித்தால், மதிப்பெண் பட்டியலைவிட அதைத்தான் கவனமாகப் பார்ப்பார்கள்.

வெயிலில் நடப்பதற்கு உங்களுக்கு மனமில்லை என்றால் மட்டும் பி.காம். பக்கம் போங்கள்.

மகன் எம்.எஸ்சி. தாவரவியல் இறுதியாண்டு. பி.எட்.டா, நெட் தேர்வா என்று குழம்புகிறான்.
- ஒரு தந்தை, தேனி

பள்ளியில் கற்பிக்க விருப்பமென்றால் பி.எட். நம் மேல்நிலைப் பள்ளிகளில் தாவரவியல் தனிப் பாடமாக இருப்பதால் முதுகலை ஆசிரியர் பணிக்கு வழி உண்டு. ஆராய்ச்சியில் நாட்டமென்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு, உயிர் அறிவியல் தாள். அதில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. 2023 முதல் இதுதான் நடைமுறை. உங்களிடம் கை நீட்டாமல் படித்துவிடலாம். இந்திய வனப் பணித் தேர்வையும் அவன் எழுதலாம். தாவரவியல் பட்டம் அதற்குத் தகுதி, விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். குடிமைப் பணித் தேர்வுக்கான அதே முதல்நிலைத் தேர்வில் தேற வேண்டும் என்பதால், படிப்பு முடியும் வரை காத்திராமல் பொது அறிவுப் பாடங்களை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.