நாயே இல்லாத வீட்டின் ‘மை பெட் டாக்’

ஆரம்பப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ‘மை பெட்’ என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பு முழுக்க ஒரே கட்டுரை. நாய், நான்கு கால், ஒரு வால், நன்றியுள்ள பிராணி. கற்பனையே இல்லாத பிள்ளைகளை எப்படி எழுதவைப்பது?
– ஓர் ஆசிரியை

கற்பனை இல்லை என்றா சொல்கிறீர்கள்? வீட்டில் நாயே இல்லாத பிள்ளைகள் நாய் வளர்ப்பதாக எழுதித் தந்திருக்கிறார்களே, அதற்குமேல் என்ன வேண்டும்!

விளையாட்டு போகட்டும். கோளாறு தலைப்பில் இருக்கிறது. நாய்க்கு நான்கு கால் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தவரிடமே தெரிந்ததைச் சொல்ல யாருக்கு மனசு வரும்? மனப்பாடம்தான் வரும். உங்களுக்குத் தெரியாத ஒன்றை அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள்.

என் வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன் இருந்தான். பல்லியின் அறுந்த வால் துடிப்பதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவன் பேச்சை நிறுத்த முடியவில்லை. பாதி தமிழ், பாதி ஆங்கிலம், மிச்சம் கையும் முகமும். பேசி முடிக்க விட்டேன். பிறகு அவன் கேட்ட சொற்களை மட்டும் போர்டில் எழுதினேன்: டெய்ல், கட், ஜம்ப். நோட்டில் சில வரிகள்தான் எழுதினான். அதில் ஒன்று: ‘த டெய்ல் டஸ் நாட் நோ இட் இஸ் கட்.’ தான் அறுந்துபோனது அந்த வாலுக்கே தெரியாதாம். எந்த கைடு புத்தகத்தில் இருக்கிறது இந்த வரி?

நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர் இதை ஒரு முறையாகவே வைத்திருந்தார். ‘உனக்கு என்ன சொல் வேண்டும்?’ என்று ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்டு, அதை ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் குழந்தைக்கு அந்தச் சொல் நினைவில் இல்லையென்றால் அட்டையைக் கழித்துவிடுவார். ‘பேய்’, ‘முத்தம்’ போன்ற சொற்கள் ஒரே பார்வையில் மனதில் ஒட்டிக்கொண்டன. பயமும் பாசமும் உள்ள இடத்தில் சொல் தங்குகிறது. 1963இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது.

ஆகவே, எழுதுவதற்கு முன்னால் பேசவிடுங்கள். படம் வரைகிறவர்கள் முதலில் வரையட்டும். ‘உன் விடுமுறை’ என்று கேட்காதீர்கள். விடுமுறையில் ஒரே ஒரு நிமிடத்தைக் கேளுங்கள். ஆங்கிலச் சொல் தெரியாமல் பேனா நின்றுவிட்டால், அந்த இடத்தில் தமிழ்ச் சொல்லையே எழுதிவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். பிறகு சேர்ந்து உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம். இதைக் குற்றமாகப் பார்க்கிற ஆசிரியர்கள் நிறைய. சொல்லைத் தேடுவதிலேயே கதை செத்துவிடுகிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. ‘ஒன் டே...’, ‘பட் தென்...’ என்று வாக்கியத் தொடக்கம் கொடுப்பதில் தப்பில்லை. வருடம் முழுக்க அதையே கொடுத்துக்கொண்டிருந்தால் பழைய நாய்க் கட்டுரை வேறு உருவத்தில் திரும்பி வரும்.

எழுதியதை யார் படிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தின் ஃப்ரெனே 1924இல் தன் வகுப்பறைக்கு ஒரு சின்ன அச்சு இயந்திரத்தையே கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்களாக எழுதியதைத் தாங்களே அச்சுக் கோத்தார்கள். அந்தத் தாள்கள் வேறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தபாலில் போயின. உங்களுக்கு அச்சு இயந்திரம் வேண்டாம், பக்கத்து வகுப்பு போதும்.

என் மகள் இரண்டாம் வகுப்பு. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினால் பாதிக்கு மேல் ஸ்பெல்லிங் தப்பு. அவளுடைய மிஸ் திருத்துவதே இல்லை. நான் திருத்தலாமா?
– ஒரு தாய்

முதலில் கதையைப் படித்தீர்களா? படித்துவிட்டு அவளிடம் கதையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். திருத்தம் பிறகு.

பள்ளியில் சொல்லித்தரும் முன்பே தாங்களாக எழுதத் தொடங்கிய அமெரிக்கக் குழந்தைகளின் ஸ்பெல்லிங்கை சார்லஸ் ரீட் என்ற மொழியியலாளர் ஆராய்ந்து 1971இல் கட்டுரை வெளியிட்டார். ‘டிரக்’ என்ற சொல்லைப் பல குழந்தைகள் சி-எச்-ஆர் என்று தொடங்கியிருந்தார்கள். ‘டிராகன்’ ஜே-ஆர் என்று தொடங்கியது. ஆங்கிலேயர் வாயில் ‘டிரக்’ வருவதைக் கவனித்துக் கேளுங்கள், தொடக்கத்தில் கிட்டத்தட்ட ‘ச்’தான் கேட்கும். குழந்தையின் காது சரியாகவே வேலை செய்திருக்கிறது. எழுத்து மரபுதான் இன்னும் பிடிபடவில்லை.

அதற்காக ஸ்பெல்லிங்கே முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். ‘வாஸ்’, ‘தே’, ‘பிகாஸ்’ போல அடிக்கடி வரும் சொற்களைச் சீக்கிரம் சரிசெய்துவிட வேண்டும், இல்லையென்றால் கை பழகிவிடும். ஒரு பக்கத்துக்கு இரண்டு சொல் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை விடுங்கள். எல்லாவற்றையும் சிவப்பில் சுழித்தால் அடுத்த முறை அவள் ‘ஜைகான்டிக்’ என்று எழுத நினைத்து, ஸ்பெல்லிங் தெரிந்த ‘பிக்’கோடு நிறுத்திக்கொள்வாள்.

என் பையன் எதை எழுதச் சொன்னாலும் டைனோசர். ‘மை மதர்’ கட்டுரையிலும் டைனோசர் வந்துவிட்டது.
– ஒரு தந்தை

அம்மா கோபித்துக்கொள்ளாதவரை பரவாயில்லை. பொருளை மாற்றாதீர்கள், வடிவத்தை மாற்றுங்கள். டைனோசருக்கு ஒரு கடிதம், டைனோசரிடம் ஒரு பேட்டி, டைனோசர் வளர்ப்போருக்குப் பத்து எச்சரிக்கைகள். கடிதத்தில் ‘யூ’ வரும், பேட்டியில் கேள்வி வாக்கியம் வரும், எச்சரிக்கையில் ‘டோன்ட்’ வரும். நீங்கள் இலக்கணப் புத்தகத்தை எடுத்தால் ஓடிவிடுவான்.

கட்டுரைப் போட்டிக்கு நான் எழுதிக்கொடுத்து மகளை மனப்பாடம் செய்ய வைக்கிறேன். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.
– ஓர் இல்லத்தரசி

பரிசு கிடைத்தால் உங்களுக்கு என் வாழ்த்துகள்.

நான் நாலாம் கிளாஸ். இங்கிலீஷ்ல கதை எழுதுவேன். முதலை ஸ்கூல் வேன்ல ஏறி உட்காருது, டிரைவர் மாமா பாக்கவே இல்ல. அதுக்கப்புறம் முடிக்கத் தெரியல. எப்பவும் ‘இட் வாஸ் எ ட்ரீம்’னு போட்டுடறேன். மிஸ் திட்றாங்க.
– ஒரு குட்டி வாசகி

கண்ணு, கனவு என்று ஒரு தடவை முடித்தால் தப்பில்லை. ஒவ்வொரு தடவையும் முடித்தால், படிக்கிறவர்கள் ‘இதுவும் கனவுதானே’ என்று பாதியிலேயே மூடிவைத்துவிடுவார்கள். மிஸ் திட்டுவது அதற்காகத்தான் இருக்கும்.

முதலை எதற்காக வேனில் ஏறியது? அதை நீ எழுதவே இல்லையே! அதற்கு ஏதோ வேண்டும். படிக்க ஆசையா? வெயில் தாங்கவில்லையா? நேற்று யாராவது அதன் குட்டியைப் பையில் போட்டு எடுத்துவந்துவிட்டார்களா? அது என்ன என்று முதலில் நீ முடிவுசெய். பிறகு அது முதலைக்குக் கிடைத்ததா இல்லையா என்று எழுதினால் கதை முடிந்துவிடும். கிடைக்காமல் போனாலும் கதைதான்.

எழுதியதும் எனக்கு அனுப்பு. குட்டி யாருடைய பையில் இருந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.