ஊடாட்டம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வரலாற்றுக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். இன்டராக்‌ஷன் என்பதற்கு ஊடாட்டம் பொருந்துமா, இடைவினையா? ஊடலோடு இதற்கு உறவு உண்டா? ‘போர்த்துகீசியம் தமிழின் மீது பரஸ்பர ஊடாட்டத்தைச் செலுத்தியது’ என்று எழுதியிருக்கிறேன். ‘பரஸ்பர’ வடசொல், எடுத்துவிடு என்கிறார் நண்பர்.

க.

அன்புள்ள க.,

ஒரு சொல்லுக்காகத் தயங்கி நிற்கிறீர்களே, அதற்கே உங்களைப் பிடித்துப்போயிற்று. ஆனால் அந்த வாக்கியத்தை எப்படி ஐயா எழுதினீர்கள்?

ஊடல் வேறு சொல், விடுங்கள். இடைவினை அறிவியல் பாடத்தில் இருக்கட்டும். ‘பரஸ்பர’வை எடுத்துவிடுங்கள், வடசொல் என்பதற்காக அல்ல, அந்தப் பொருள் ஊடாட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

சில நாட்களாக எனக்குள் ஓடுவது அந்த ‘மீது’தான். செல்வாக்கைச் செலுத்தலாம், தாக்கத்தை ஏற்படுத்தலாம். அவற்றுக்கு ‘மீது’ வரும். ஊடாட்டம் நிகழும், இன்னாருக்கும் இன்னாருக்கும் இடையே நிகழும். ‘அவர் மீது கொடுக்கல் வாங்கல் செலுத்தினேன்’ என்று யாராவது சொல்வார்களா? பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் குடும்பங்கள் ‘எங்களுக்குள் கொள்வினை கொடுப்பினை உண்டு’ என்றுதானே சொல்கின்றன?

ஊடாட்டம் என்றால் என்னவென்று தெரிய, நெய்த துணியிலிருந்து ஓர் இழையை உருவிப் பாருங்கள். நேராக வராது, நெளிந்து வரும். குறுக்கே ஓடும் ஊடை மட்டுமல்ல, நீளவாக்கில் போகும் பாவும் நெளிந்திருக்கும். விறைப்பாக நின்ற இழை குறைவாக நெளிந்திருக்கும், அவ்வளவுதான். ஆக, ஊடாட்டத்துக்கு இரு பக்கமும் மாறியிருக்க வேண்டும். சமமாக மாற வேண்டியதில்லை.

எழுதியபின் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் உண்மையாக இருந்தால் ஊடாட்டம். இல்லையென்றால் தாக்கம் என்றே எழுதுங்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. (பாதிப்பு மட்டும் வேண்டாம். அது வெள்ளத்தில் பயிருக்கு நேர்வது.)

கர்நாடக இசைக்கலைஞர் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியக் கருவியான வயலினைக் கற்றதால் ஐரோப்பிய வாசிப்பு மாறிவிடவில்லை. எனவே அங்கே இரு இசைகளின் ஊடாட்டம் என்று எழுதக் கூடாது. ஆனால் கர்நாடக இசைக்கும் வயலின் என்ற கருவிக்கும் இடையே நிகழ்ந்தது ஊடாட்டம்தான். வயலின் தரைக்கு இறங்கியது, அதன் சுருள் தலை கணுக்காலில் ஊன்றியது, தந்திகள் ச-ப-ச-ப என்று சுருதி சேர்ந்தன. கச்சேரியும் வயலின் பக்கவாத்தியம் இல்லாமல் நடப்பது அரிதாயிற்று.

உங்கள் போர்த்துகீசியம் இந்தச் சோதனையில் தேறுகிறது. சன்னல், சாவி, மேசை, அலமாரி இங்கே வந்தன. மாங்காயும் வெற்றிலையும் கயிறும் மலையாள, தமிழ்க் கரைகளிலிருந்து அங்கே போய் மங்கா, பெத்தெலெ, கைரோ ஆயின. சரியான சொல்லை எடுத்து ‘மீது’ என்ற ஒற்றை உருபால் கெடுத்திருக்கிறீர்கள்.

‘போர்த்துகீசியத்துக்கும் தென்னிந்தியக் கரையோர மொழிகளுக்கும் இடையே ஊடாட்டம் நிகழ்ந்தது.’ இப்படி எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே இரு பக்கத்திலிருந்தும் இரண்டு இரண்டு சொற்களைக் கொடுங்கள். மற்ற பக்கங்களிலும் எத்தனை ‘மீது’ இருக்கிறது என்று எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள்.