பிரேக் கேபிள் வெட்ட எந்தக் கட்டர் வாங்குவது?

கேள்வி: மகளின் கியர் சைக்கிளுக்கு நானே பிரேக் கேபிள் மாற்றினேன். வீட்டில் இருந்த கட்டிங் பிளேயரால் வெட்டியதும் ஒயர் நுனி துடைப்பம் மாதிரி விரிந்துவிட்டது. அவுட்டருக்குள், அதாவது ஒயர் ஓடும் உறைக்குள், நுழையவே இல்லை. புது ஒயர் வீணாயிற்று. இதற்கென்று தனிக் கட்டர் வாங்கத்தான் வேண்டுமா? எதைப் பார்த்து வாங்குவது?
- ஈரோடு வாசகர்

பதில்: குறை உங்கள் கையில் இல்லை, கருவியில்தான். சைக்கிளின் இன்னர், அதாவது அவுட்டருக்குள் ஓடும் ஒயர், ஒற்றைக் கம்பி அல்ல. பெரும்பாலும் 19 மெல்லிய எஃகு இழைகளைச் சேர்த்து முறுக்கியது. பிரேக் ஒயர் 1.5 அல்லது 1.6 மி.மீ. தடிமன் இருக்கும்; கியர் ஒயர் 1.1 அல்லது 1.2. கட்டிங் பிளேயரின் இரண்டு வாயும் நேருக்கு நேர் வந்து முட்டுபவை. நடுவில் மாட்டிய இழைகள் நசுங்கி, பக்கவாட்டில் ஒதுங்கி, புரி பிரிந்துவிடும். கேபிள் கட்டரின் அலகுகள் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று உரசிக் கடக்கும். கிளிமூக்கு மாதிரி உள்வளைந்தும் இருக்கும். அந்த வளைவு ஒயரைச் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் இழைகள் தப்பிக்க வழியில்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எலெக்ட்ரீஷியன் பயன்படுத்தும் கேபிள் கட்டருக்கும் இதே வளைந்த வாய்தான். ஆனால் அது செம்புக்கும் அலுமினியத்துக்கும் செய்தது. எஃகு ஒயரை வைத்து அழுத்தினால் அலகின் விளிம்பு பெயர்ந்து பல் விழுந்துவிடும். ஆகவே அட்டையைப் படியுங்கள். எஃகு வடம் வெட்டலாம் என்றும், எத்தனை மி.மீ. வரை என்றும் எழுதியிருக்க வேண்டும். 'எல்லாவற்றையும் வெட்டும்' என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது கழற்றிய பழைய இன்னரில் ஒரு சாண், பழைய பிரேக் அவுட்டரில் ஒரு துண்டு எடுத்துச் செல்லுங்கள். கட்டரை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். அலகுகளுக்கு நடுவே கீற்றாக ஒளி தெரிந்தால் வேண்டாம். பிடிகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. அச்சில் ரிவிட் அடித்ததைவிட நட்டு போட்டதே மேல். நாளாகித் தளர்ந்தால் நாமே முறுக்கிக்கொள்ளலாம். கடைக்காரர் சம்மதித்தால் வெட்டிப் பாருங்கள். வெட்டிய நுனி உருண்டையாக, ஓர் இழைகூடப் பிரியாமல், அவுட்டருக்குள் தடங்கலின்றிப் போக வேண்டும். செம்பு ஒயரை வெட்டிக் காட்டினால் அது சோதனையே ஆகாது.

பெயர் சொல்லிக் கேட்பதென்றால், பார்க் டூல் சிஎன்-10, ஷிமானோ டிஎல்-சிடி12 இரண்டும் சைக்கிளுக்கென்றே செய்தவை. சிஎன்-10-இல் ஒயர் நுனிக்குப் போடும் சின்ன அலுமினிய மூடியை நெரிக்கவும் பிடிக்குள் இடம் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஃபெல்கோ சி7, ஜெர்மனியின் க்னிபெக்ஸ் 95 61 190 ஆகியவை பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர்களுக்கு ஏற்றவை. வீட்டில் இரண்டு மூன்று சைக்கிள் இருந்தால் முதல் இரண்டில் ஒன்று போதும் என்பது என் கருத்து. ஆண்டுக்கு ஒருமுறைதான் கேபிள் மாற்றுவீர்கள் என்றால் அதுவும் வேண்டாம். பழைய கேபிளை அளவுக்குக் கொடுத்து, வாங்கும் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள்.

வாங்கிவிட்டால் அதை இந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் ஸ்போக் கம்பி, ஆணி, கட்டுக்கம்பி எதையும் அதில் வெட்டக் கூடாது. பிரேக் அவுட்டரை வெட்டும்போது உள்ளே இருக்கும் சுருளின் இடைவெளியில் அலகு இறங்கட்டும். பிறகு நுனியை அரத்தால் தட்டையாக ராவி, நசுங்கிய உள்குழாயைக் கோணி ஊசியால் திறந்துவிடுங்கள். உள்பக்கம் பிசிறு நின்றால் அது பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னரை அறுத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: பிரேக் அவுட்டர் இருப்பில் இல்லை, கியர் அவுட்டரையே போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
- காரைக்குடி வாசகர்

பதில்: வாங்காதீர்கள். இன்றைய கியர் அவுட்டருக்குள் கம்பிகள் நீளவாக்கில் வரிசையாக நிற்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது மேலே இருக்கும் பிளாஸ்டிக் மட்டுமே. பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும்போது வரும் விசையை அது தாங்காது. உறை கிழிந்து கம்பிகள் வெளியே பிதுங்கும், அந்த நிமிடமே பிரேக் போய்விடும். பிரேக் அவுட்டரில் எஃகுப் பட்டை ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கும், அது வெடிக்காது. வெட்டிய முனையைப் பார்த்தாலே தெரியும்: உறைக்குள் வட்டமாகப் புள்ளி புள்ளியாகக் கம்பிகள் தெரிந்தால் கியர், ஒரே வளையமாக இருந்தால் பிரேக். தடிமனிலும் பொதுவாக பிரேக் அவுட்டர் 5 மி.மீ., கியர் அவுட்டர் 4 மி.மீ. இரண்டு நாள் காத்திருந்தாலும் சரியானதையே போடுங்கள். இறக்கத்தில் வரும் பிள்ளையின் உயிர் அந்த ஓர் ஒயரில்தான் இருக்கிறது.

கேள்வி: ஆன்லைனில் 'சைக்கிள் கேபிள் கட்டர்' என்று வாங்கினேன். முதல் வெட்டிலேயே அலகில் பல் விழுந்தது. 'தவறாகப் பயன்படுத்தினீர்கள்' என்று விற்றவர் பணம் தர மறுக்கிறார்.
- நாகர்கோவில் வாசகர்

பதில்: விற்பனைப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதே முக்கியம். சைக்கிள் கேபிள் என்றோ எஃகு ஒயர் என்றோ போட்டிருந்தால், அதை வெட்டியது தவறான பயன்பாடு ஆகாது. சொன்ன வேலையைச் செய்யாத பொருள் குறைபாடுள்ள பொருளே. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. விவரங்களை அவர்கள் மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். பில், உடைந்த அலகு, வெட்டிய ஒயர் ஆகியவற்றின் படங்களோடு முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். கட்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அட்டைப் பெட்டியையும்தான். அதில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி அச்சிட்டிருக்க வேண்டும். புகாரில் அதையும் சேருங்கள்.