வாசகர் கேள்வி–பதில்: வீட்டுத்தோட்டம் செயற்கைக்கோளுக்குத் தெரியுமா?

கேள்வி: முதுகலை புவியியல் படிக்கிறேன். வீட்டைச் சுற்றி மா, பலா, தென்னை, வாழை என்று கலந்து வளர்க்கிற பழைய தோட்டங்களைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து பிரித்து வரைபடமாக்குவதுதான் என் ஆய்வு. படத்தை இறக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. காடு எது, தோட்டம் எது என்றே தெரியவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: தப்பு எதுவும் இல்லை, கணக்கை மட்டும் ஒருதரம் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் (படத்தின் மிகச் சின்னக் கட்டம்) 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 22 சென்ட். அந்த 22 சென்ட்டுக்குள் ஓட்டு வீடு, முற்றம், கிணறு, நாலு தென்னை, ஒரு பலா, வேலியோரம் வாழை எல்லாம் அடங்கிவிடும். இத்தனையையும் கலக்கி ஒரே நிறமாக்கித்தான் அந்தப் பிக்சல் உங்களிடம் தருகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10, இரண்டரை சென்ட், கொஞ்சம் தேவலை. நன்றாகப் படர்ந்த பலா ஒன்று தனியாகவே ஒரு பிக்சலை நிரப்பிவிடும். ஆனால் பச்சையின் அளவைச் சொல்லும் என்டிவிஐ குறியீட்டை மட்டும் நம்பினால் அதிலும் மாட்டிக்கொள்வீர்கள். இலை ஓர் அளவுக்கு மேல் அடர்ந்துவிட்டால் அந்த எண் ஏற மறுக்கும், காடும் தோட்டமும் ரப்பரும் ஒரே இடத்தில் போய் நிற்கும்.

அதனால் ஒரு நாள் படத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள், வருஷம் முழுவதற்குமான படங்களை வரிசையாக அடுக்குங்கள். கேரளத்து ரப்பர் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் இலையை மொத்தமாகக் கொட்டிவிட்டு மறுபடி துளிர்க்கும், அதுவும் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில். பக்கத்து வீட்டுத்தோட்டத்தில் அப்படி நடக்காது, ஒரு மரம் கொட்டும்போது இன்னொன்று துளிர்க்கும், தென்னை பாட்டுக்கு எப்போதும் போல நிற்கும். மழைக்காலத்தில் மேகம் மறைத்தால் சென்டினல்-1 ரேடார் இருக்கிறது, அதற்கு மேகம் ஒரு பொருட்டில்லை.

இன்னொன்று, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: மரத்தைத் தேடாதீர்கள், வீட்டைத் தேடுங்கள். வீடு இல்லையென்றால் அது தோப்பு, அவ்வளவுதான். ஆப்பிரிக்காவுக்கும் தெற்காசியாவுக்கும் கட்டட எல்லைகளை கூகுள் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொரு கூரையையும் சுற்றி 20, 30, 50 மீட்டர் என்று வளையம் போட்டு, வளையத்துக்கு வளையம் பச்சை எப்படி மாறுகிறது என்று பாருங்கள், அடர்காட்டில் இந்த மாற்றம் வரவே வராது. ஒரே ஒரு வில்லங்கம், மரம் வளர்ந்து கூரையையே மூடிவிட்ட வீடுகள் அந்தப் பட்டியலில் விடுபட்டுப் போகும். பெரும்பாலும் அவைதான் நல்ல பழைய தோட்டங்களாக இருக்கும்! அவற்றை நேரில் போய்க் கையால்தான் சேர்க்க வேண்டும்.

கேள்வி: இந்தியாவில் காட்டுப் பரப்பு இவ்வளவு என்று இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அரசு அறிக்கை வருகிறதே, அதில் தென்னந்தோப்பும் வீட்டுத்தோட்டமும் சேர்த்தியா?

பதில்: சேர்த்திதான். 1 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பு, 10 சதவீதமாவது மரநிழல் மூடியிருக்க வேண்டும், இவ்வளவு இருந்தால் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் அது காட்டுப் பரப்பு. நிலம் யாருடையது, என்ன மரம் என்கிற கேள்வியே கிடையாது. லட்சத்தீவில் 90 சதவீதத்துக்கு மேல் காடு என்று அறிக்கையில் பார்த்திருப்பீர்கள், அங்கே நிற்பதில் பெரும்பகுதி தென்னை. வேடிக்கை என்னவென்றால், 10 சென்ட் தோட்டம் தனியாக நின்றால் அது ‘மரப்பரப்பு’ என்கிற வேறு கணக்கில் போகும், அதே 10 சென்ட் அக்கம்பக்கத்துத் தோட்டங்களோடு கிளை கோத்து 1 ஹெக்டேரைத் தாண்டிவிட்டால் காடாகிவிடும். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்போ, முக்கியமாக விவசாயத்துக்குப் பயன்படும் நிலத்தைக் காட்டுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அறிக்கையைப் பொய் என்று சொல்ல மாட்டேன், வரையறையைச் சொல்லிவிட்டுத்தான் எண்ணுகிறார்கள். வரையறையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் பிரச்சினை.

கேள்வி: ட்ரோன் பறக்கவிட்டால் எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிடும்தானே?

பதில்: மேலே இருப்பது தெரியும். தென்னையின் தலை நட்சத்திரம் மாதிரி விரிந்திருப்பதால் கணினியே எண்ணிவிடும். மாவும் பலாவும் உரசிக்கொண்டு நிற்கிற இடத்தில் எது எங்கே முடிகிறது என்று மனுஷக் கண்ணுக்கே சந்தேகம் வரும். கமுகில் ஏறிய மிளகுக்கொடி, அதன் அடியில் சேனை, இஞ்சி, மஞ்சள், இதெல்லாம் எந்த ட்ரோன் படத்துக்கும் எட்டாது. தான்சானியாவில் கிளிமஞ்சாரோ மலைச் சரிவில் சாக்கா மக்களின் தோட்டங்களும் இதே கதைதான், பெரிய மரத்துக்குக் கீழே வாழை, வாழைக்குக் கீழே காப்பி. 2018 டிசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய கெடி என்கிற லேசர் கருவி அடுக்குகளின் உயரத்தை அளக்கும், ஆனால் அது 25 மீட்டர் வட்டங்களாக, இடைவெளி விட்டு விட்டுத்தான் அளக்கும். ஒரு மாவட்டத்துக்கு உதவும், உங்கள் ஒரு தோட்டத்துக்கு உதவாது. கீழே என்ன இருக்கிறது என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

கேள்வி: போன் ஜிபிஎஸ்ஸில் எடுத்த புள்ளிகள் வரைபடத்தில் போட்டால் பக்கத்து வீட்டில் போய் விழுகின்றன. போன் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் முன்னே பின்னே காட்டுகிற கருவி அது, மரத்தடியில் சமிக்ஞை இலையிலும் கிளையிலும் பட்டுத் தடுமாறி வருவதால் இன்னும் மோசமாகும். ஒருதடவை பலா மரத்தடியில் அசையாமல் நின்றுகொண்டிருந்தேன், திரையில் நீலப் புள்ளி மட்டும் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் வானம் தெரிகிற வாசல் படியில் இரண்டு மூன்று நிமிஷம் நின்று ஒரு புள்ளி எடுப்பேன், அங்கிருந்து மரங்களை நாடாவால் அளந்து நோட்டில் படம் வரைந்துகொள்வேன். இத்தனை தொழில்நுட்பத்துக்கு நடுவில் இது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் சரியாக வரும்.

கேள்வி: உலகம் முழுக்க இப்படி மரங்களை யாராவது எண்ணியிருக்கிறார்களா?

பதில்: 2016-இல் வந்த ஓர் ஆய்வு, 2010 நிலவரப்படி உலகின் விவசாய நிலத்தில் 43 சதவீதத்தில் குறைந்தது 10 சதவீத மரநிழல் இருந்தது என்றது. என்ன மரம் என்று அது சொல்லாது. 2020-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் சகாரா பாலைவனத்திலும் அதை ஒட்டிய வறண்ட சாஹெல் பகுதியிலும் 13 லட்சம் சதுர கிலோமீட்டரில் 180 கோடி மரங்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அங்கே மணலில் மரம் தனித்தனியாக, நிழலோடு நிற்கிறது. மரங்கள் பின்னிக்கொண்டு நிற்கிற இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு வீட்டுத்தோட்டத்தில் அந்த வித்தை பலிக்காது.

கேள்வி: என் வரைபடத்தை வீடு வாரியாக இணையத்தில் போடலாமா?

பதில்: போடாதீர்கள். யார் வீட்டில் சந்தனம் நிற்கிறது, யார் வீட்டில் தேக்கு முற்றியிருக்கிறது என்று ஊருக்கே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். 1 கிலோமீட்டர் கட்டங்களாகத் தொகுத்துப் போடுங்கள், வீட்டு வாரியான பிரதியை அந்தந்த வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.