செய்யாத குற்றத்துக்கு இருந்த சிறையைச் செய்த குற்றத்தில் கழிக்கலாமா?

கேள்வி: என் தம்பி செய்யாத கொள்ளைக்காக ஒன்பது வருடம் சிறையில் இருந்தான். டி.என்.ஏ. சோதனையில் உண்மை தெரிந்து, தீர்ப்பு ரத்தாகி அவன் வெளியே வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு தகராறில் ஒருவரை அடித்துவிட்டான். அவருக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. "ஜெயில்காரன்" என்று திட்டிக்கொண்டே அவர்தான் முதலில் நெருங்கி வந்தார் என்கிறான். வழக்கு ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த, தீர்ப்புச் சொல்லும் குழு) முன் வரப்போகிறது. இவன் பட்ட பாட்டைக் கேட்டால் ஜூரி விட்டுவிட மாட்டார்களா? அதுதானே நியாயம்? செய்யாததற்கே ஒன்பது வருடம் இருந்துவிட்டானே!

பதில்: சகோதரி, உங்கள் கடைசி வரியில் இருப்பது வயிற்றெரிச்சல். அது நியாயமான வயிற்றெரிச்சல்தான். எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் இங்கிலாந்து, அமெரிக்க சட்டங்களை வைத்துச் சொல்கிறேன்.

குற்றம் நடந்தது உண்மையே என்றாலும் "குற்றவாளி இல்லை" என்று சொல்லும் வலிமை ஜூரிக்கு உண்டு. 1670-ல் லண்டனில் வில்லியம் பென், வில்லியம் மீட் இருவரும் தெருவில் கூட்டம் கூட்டிய வழக்கில், நீதிபதி கேட்ட தீர்ப்பைத் தர ஜூரர்கள் மறுத்தார்கள். சோறு தண்ணீர் இல்லாமல் பூட்டிவைத்தும் அவர்கள் மசியவில்லை. அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போன எட்வர்ட் புஷெல் என்ற ஜூரரின் வழக்கில்தான், கொடுத்த தீர்ப்புக்காக ஜூரரைத் தண்டிக்கக் கூடாது என்று தலைமை நீதிபதி ஜான் வாகன் சொன்னார். ஏன் விடுதலை செய்தீர்கள் என்று ஜூரியிடம் இன்றும் யாரும் கணக்குக் கேட்க முடியாது.

ஆனால் அதை நம்பி வழக்கு நடத்த முடியாது. அந்த வலிமையைப் பற்றி ஜூரியிடம் சொல்ல வேண்டிய கடமை நீதிபதிக்கு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1895-லேயே சொல்லிவிட்டது. "சட்டத்தை விடுங்கள், இரக்கம் காட்டுங்கள்" என்று வக்கீல் கேட்டால் நீதிபதி தடுத்துவிடுவார். பழைய வழக்குக்கும் இந்த அடிதடிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி, ஒன்பது வருடக் கதையையே ஜூரியின் காதில் விழாமல் செய்யவும் வாய்ப்புண்டு.

சரி, அந்தக் கதை ஜூரியின் காதில் விழுந்து, இரக்கப்பட்டு அவனை விட்டுவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது நியாயமா? இல்லை என்றே நினைக்கிறேன். பென் வழக்கில் ஜூரி மறுத்தது, அந்தச் செயலைக் குற்றமாக்கியதையே. மனிதனின் கையை முறிக்கக் கூடாது என்ற சட்டத்தில் அப்படி என்ன அநீதி இருக்கிறது? உங்கள் தம்பிக்குக் கடன்பட்டது அரசு. கை முறிந்தவர் அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. அரசின் கடனை அவர் கையிலிருந்து வசூலிக்கச் சொல்கிறோமே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய வழக்கை ஜோடித்த அதே அதிகாரிகள் இதையும் விசாரித்திருந்தால் கதை வேறு. அப்போது அவர்களின் சாட்சியத்தை ஜூரி சந்தேகிக்கலாம், சந்தேகிக்கவும் வேண்டும். அது இரக்கத்தில் சேராது. சந்தேகத்தின் பலன், அது எல்லாருக்கும் உள்ள உரிமை.

இருந்த வருடங்களைப் புதுத் தண்டனையில் கழிப்பதையும் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. பின்னால் செய்யப்போகும் குற்றத்துக்கு முன்கூட்டியே கடன் கொடுத்ததாகிவிடும் என்பது அமெரிக்க நீதிமன்றங்கள் சொன்ன காரணம். தண்டனையின் அளவை முடிவு செய்யும் கட்டத்தில் மட்டும் அந்த ஒன்பது வருடத்தைத் தாராளமாக எடுத்துச் சொல்லலாம். நான் அங்கே வாதாடினால் அதைத்தான் முதலில் சொல்வேன்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஸ்டீவன் ஏவரி 18 வருடம் தவறாகச் சிறையில் இருந்து, டி.என்.ஏ. சோதனையால் 2003-ல் வெளியே வந்தார். அந்த மாநிலச் சட்டம் தந்த இழப்பீட்டின் உச்சவரம்பு 25,000 டாலர். வாழ்க்கையைத் தொலைத்தவனுக்கு அது ஒரு தொகையா? 3.6 கோடி டாலர் கேட்டு அவர் தனி வழக்குப் போட்டார். அது நடக்கும்போதே, 2005-ல் கொலை வழக்கில் கைதானார். இழப்பீட்டு வழக்கு 4 லட்சம் டாலருக்குச் சமரசமாகி, அதில் பெரும்பகுதி வக்கீல் செலவுக்கே போனது. கொலை வழக்கில் 2007-ல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. அவர் இன்றும் மறுக்கிறார். ஊரெல்லாம் தெரிந்த அந்த 18 வருடம் ஜூரி முன் அவரைக் காப்பாற்றவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த "ஒன்றரை வருடம்". இங்கிலாந்து என்றால், தவறான தண்டனைக்கான இழப்பீட்டு விண்ணப்பத்தைத் தீர்ப்பு ரத்தான இரண்டு வருடத்துக்குள் கொடுத்தாக வேண்டும். 2014 முதல், அந்தக் குற்றத்தை அவர் செய்யவில்லை என்பது புதிய உண்மையால் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும் என்று சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். கொடுமையான நிபந்தனைதான். ஆனால் டி.என்.ஏ. முடிவு உங்கள் கையில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: தொகையைக் கணக்கிடுபவர் விண்ணப்பதாரரின் மற்ற தண்டனைகளைக் காட்டிக் குறைக்கலாம். அதனால் அடிதடி வழக்கின் வக்கீலும் இழப்பீட்டு வக்கீலும் ஒருவருக்கொருவர் தெரியாமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

அடிதடி வழக்கில் உங்கள் கையில் இருப்பது தற்காப்பு. அவர் நெருங்கி வந்தபோது தாக்கப்போகிறார் என்று தம்பி உண்மையாகவே நம்பினானா (அமெரிக்கா என்றால் அந்த நம்பிக்கை நியாயமானதாகவும் இருந்ததா), அந்த நிலைமைக்கு அடி அளவு மீறியதா என்பவைதான் கேள்வி. ஒன்பது வருடம் சிறையில் அடிக்குப் பயந்து வாழ்ந்தவனுக்கு ஒருவர் வேகமாக நெருங்கி வருவது எப்படித் தெரியும் என்பதை மனநல மருத்துவர் ஒருவர் சொல்லலாம். ஜூரி முன் பழைய சிறை நியாயமாக நுழையக்கூடிய கதவு அது. ஆகவே மருத்துவரிடம் இந்த வாரமே அழைத்துப் போங்கள். வழக்குக்கு உதவாவிட்டாலும் அவனுக்கு அது தேவை. தகராறைப் பார்த்தவர்கள் யார், கேமரா பதிவு உண்டா என்பதை அவன் வக்கீல் உடனே தேடட்டும். கை முறிந்தவரையோ அவர் வீட்டாரையோ நீங்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டாம். மன்னிப்புக் கேட்கப் போனால்கூட, சாட்சியை மிரட்டியதாகத் திருப்பிவிடுவார்கள். தீர்ப்பு ரத்தான உத்தரவின் நகலை எடுத்து, அதில் உள்ள தேதியை இன்றே பாருங்கள்.