கண்ணை மூடினால் எது தெரிய வேண்டும்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று ஆண்டுகளாக நீளம் தாண்டுதலில் பயிற்சி பெறுகிறாள். சில மாதங்களுக்கு முன்பு ஒரு தன்னம்பிக்கை முகாமில் பேசியவர், தினமும் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தில் பதக்கம் விழுவதைப் பார்த்தால் அது நிச்சயம் நடக்கும் என்றும், நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் அப்படித்தான் வென்றார் என்றும் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து மாலையில் அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்த பிறகுதான் மைதானத்துக்குப் போகிறாள். சென்ற மாதப் போட்டியில் மூன்று தாண்டலும் ஃபவுல். வீட்டுக்கு வந்து, "நான் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது அம்மா" என்று அழுதாள். அவளுடைய பி.டி. மாஸ்டர், உட்காரும் நேரத்தில் நாலு முறை ஓடிப் பார்க்கலாம் என்கிறார். இதில் உண்மை ஏதும் உண்டா? நிறுத்தச் சொல்லிவிடட்டுமா?

ர., தஞ்சாவூர்

அன்புள்ள ர.,

உங்கள் மகள் அழுதபடி சொன்ன அந்த வாக்கியம் இரண்டு நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. போதிய அளவுக்கு உருக்கமாக விரும்பாததால்தான் தோற்றோம் என்று ஒரு பதினைந்து வயதுப் பெண் தன்னைத்தானே குற்றம் சாட்டிக்கொள்கிறாள். இந்த எண்ணத்தை முதலில் அவளிடமிருந்து அகற்றுங்கள். ஃபவுல் என்றால், தாண்டுவதற்குக் காலூன்றும் இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள பலகையின் முன்விளிம்பைப் பாதம் கடந்துவிட்டது என்று மட்டுமே பொருள். ஓடிவரும் அடிகளின் கணக்கு எங்கோ பிசகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பயிற்சியை நிறுத்தச் சொல்ல வேண்டாம். கண்ணை மூடுவதில் பிழையில்லை. மூடிய கண்ணுக்குள் அவளைப் பார்க்கச் சொன்ன காட்சிதான் பிழையானது.

ஃபெல்ப்ஸின் கதையையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது பாதி மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. அவர் சிறுவனாக இருந்தபோதே பயிற்சியாளர் பாப் பௌமன், இரவில் உறங்குமுன்பும் காலையில் விழித்ததும் மனத்துக்குள் "வீடியோ டேப்பைப் போட்டுப் பார்" என்று பழக்கியிருந்தார். அந்த டேப்பில் ஓடியது ஒரு முழுப் பந்தயம்: மேடையிலிருந்து பாய்வது, நீருக்குள் கைவீச்சு, சுவரில் திரும்புவது, கடைசியாகச் சுவரைத் தொடுவது. எல்லாம் சரியாக நடக்கும் பந்தயமும் அதில் உண்டு. ஏதோ ஒன்று கெட்டுப்போய், அதைச் சமாளித்து முடிக்கும் பந்தயமும் உண்டு. ஒருமுறை ஆஸ்திரேலியாவில் ஒரு போட்டிக்கு முன் பௌமன் வேண்டுமென்றே அவருடைய நீச்சல் கண்ணாடியை மிதித்து விரிசல் விழச் செய்தார். கண் தெரியாமல் நீந்தவும் அவர் பழக வேண்டும் என்பதற்காக. பிறகு 2008 ஆகஸ்ட் 13 அன்று, பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில், பாய்ந்ததிலிருந்தே கண்ணாடிக்குள் தண்ணீர் புகத் தொடங்கி, கடைசிச் சுற்றில் சுவரே தெரியாமல் போயிற்று. ஃபெல்ப்ஸ் பதறவில்லை. ஒரு நீளத்தைக் கடக்கத் தனக்கு எத்தனை கைவீச்சு தேவை என்று அவருக்குத் தெரியும். எண்ணிக்கொண்டே நீந்தி, கணக்கு முடிந்த இடத்தில் கையை நீட்டினார். 1 நிமிடம் 52.03 வினாடி, உலக சாதனை. அன்று அவரைக் கரை சேர்த்தது அந்த எண்ணிக்கை. பதக்கத்தை மட்டும் பார்த்துப் பழகியிருந்தால் அந்த இருட்டில் பிடித்துக்கொள்ள அவருக்கு எதுவுமே இருந்திருக்காது.

வெற்றியை மட்டும் கற்பனை செய்வது பயன் தராதது மட்டுமன்று, கெடுதலும் செய்யலாம். கலிஃபோர்னியாவில் லியன் பாம், ஷெல்லி டெய்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு 1999இல் வெளியானது. தேர்வுக்கு முந்தைய நாட்களில் ஒரு சாராரை, நல்ல மதிப்பெண் வாங்கி மகிழ்வதைத் தினமும் கற்பனை செய்யச் சொன்னார்கள். இன்னொரு சாராரை, தாங்கள் உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். இரண்டாம் சாரார் அதிக நேரம் படித்தார்கள், அதிக மதிப்பெண்ணும் பெற்றார்கள். மதிப்பெண்ணைக் கனவு கண்டவர்களோ படிக்கும் நேரத்தையே குறைத்துக்கொண்டார்கள். உங்கள் மகள் மைதானத்துக்குத் தாமதமாகப் போகத் தொடங்கியதை நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. கிடைத்துவிட்டதாக மனம் நம்பிவிட்ட ஒன்றுக்காகக் கால் எதற்கு ஓட வேண்டும்?

செயலைக் கற்பனை செய்யும்போது நடப்பது வேறு. கையை அசைப்பதாக ஊன்றி நினைக்கும்போது, அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் பெரும்பாலும் உண்மையான அசைவின்போது இயங்குவதுபோலவே இயங்குகின்றன. தசைக்குப் போகும் கடைசி ஆணை மட்டும் தடுக்கப்படுகிறது. 1992இல் குவாங் யூ, கெல்லி கோல் என்ற ஆய்வாளர்கள் சுண்டுவிரலை விலக்கும் தசையை வைத்து இதைச் சோதித்தார்கள். நான்கு வாரம் உண்மையாகவே பயிற்சி செய்தவர்களின் விரல் வலிமை 30 சதவீதம் கூடியது. விரலை அசைக்காமல், அழுத்துவதாக மனத்தால் மட்டும் முயன்றவர்களுக்கு 22 சதவீதம் கூடியது. தசை பருக்கவில்லை, தசைக்கு ஆணையிடும் நரம்புவழி தேர்ச்சி பெற்றிருந்தது.

நம்மிடம் இது புதிதுமல்ல. சிறுவயதில் இரண்டு ஆண்டுகள் மிருதங்கம் கற்றேன். வாத்தியார் ஒரு பாடத்தைக் கொடுத்தால் முதலில் தாளம் போட்டுக்கொண்டு சொற்கட்டை வாயால் சொல்ல வேண்டும். வாயில் பிசிறின்றி வந்த பிறகே மிருதங்கத்தைத் தொட விடுவார். பேருந்தில் வரும்போதும் மடியில் விரல் அசையாமல் உள்ளுக்குள் சொல்லிப் பார்ப்பேன். எந்த இடத்தில் கை தடுமாறுமோ அதே இடத்தில் மனமும் தடுமாறும் என்பது எனக்கு அன்று பெரிய வியப்பு.

பூசலார் கதையையும் இந்த நோக்கில் எண்ணிப் பாருங்கள். திருநின்றவூரில் கோயில் கட்டப் பொருள் கிடைக்காமல் மனத்திலேயே கட்டியவர் அவர். குடமுழுக்கு முடிந்து ஊரே தன்னைப் புகழ்வதாக அவர் கனவு காணவில்லை. மனத்துக்குள்ளேயே பொருள் திரட்டி, தச்சரைச் சேர்த்து, நல்ல நாள் பார்த்துக் கடைகால் எடுத்து, இரவும் உறங்காமல் அடுக்கடுக்காகக் கட்டி, கிணறும் குளமும் மதிலும் வரை முடித்தார். அது பக்தியின் கதை, விளையாட்டுக்கு எழுதப்பட்டதன்று. ஆனால் மனத்தில் ஒரு வேலையைச் செய்வது எப்படி என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்னவர்களை நான் அறியேன்.

இனி, உங்கள் மகள் செய்ய வேண்டியது. அரைமணி நேரம் வேண்டாம், பத்து நிமிடம் போதும். அதுவும் ஓடுபாதையின் ஓரத்திலேயே, ஸ்பைக்ஸ் காலணி அணிந்து, நின்றபடி செய்தால் இன்னும் நல்லது. கேலரியில் அமர்ந்து தன்னையே வேடிக்கை பார்ப்பதுபோல் பார்க்காமல், தன் கண்ணின் வழியே பார்க்கட்டும்: செக் மார்க்கில், அதாவது ஓட்டத்தைத் தொடங்கும் அடையாளத்தில், வைத்த கால், முதல் அடியின் உந்தல், வேகம் கூடக் கூட நிமிரும் உடல், கடைசி இரண்டு அடியின் தாளம், பலகையில் பாதம் அறையும் ஓசை, குதிகாலில் மணல். நீங்கள் ஒரு ஸ்டாப்வாட்சை வைத்துக்கொள்ளுங்கள். அவள் "ஆரம்பம்" என்றும் "மணல்" என்றும் சொல்லட்டும். உண்மையான ஓட்டத்துக்கு ஆகும் நேரமும் மனத்தில் ஓடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பாதி நேரத்தில் முடித்துவிட்டால், நடுவில் சில அடிகளை விழுங்கிவிட்டாள் என்று பொருள். அந்த அடிகளில்தான் ஃபவுலின் காரணமும் இருக்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மனத்தில் மீண்டும் மீண்டும் ஃபவுலே வந்தால், கொடி சிவப்பாக உயர்வதோடு காட்சியை விட்டுவிடக் கூடாது. 1985இல் வெளியான கோல்ஃப் ஆய்வொன்றில், பந்து குழிக்கு அருகே போய்த் தவறுவதாகக் கற்பனை செய்தவர்களின் துல்லியம் 21 சதவீதம் குறைந்தது. குழியில் விழுவதாகக் கற்பனை செய்தவர்களுக்கு 30 சதவீதம் கூடியது. ஆகவே ஃபவுல் வந்தால் அதற்கடுத்ததையும் பார்க்கட்டும்: திரும்பி நடக்கிறாள், செக் மார்க்கை அரை அடி பின்னுக்கு நகர்த்துகிறாள், மூச்சு விடுகிறாள், மறுபடி ஓடுகிறாள், பாதம் பலகையில் சரியாக விழுகிறது.

பி.டி. மாஸ்டர் சொல்வதும் சரிதான். மனப்பயிற்சி மட்டும் செய்வதைவிட மைதானப் பயிற்சியே அதிகப் பயன் தருகிறது என்பதை இத்துறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் ஒரு மாலையில் முழு வேகத்தில் எத்தனை முறை தாண்ட முடியும்? கணுக்காலும் முழங்காலும் ஓர் எல்லைக்கு மேல் தாங்காது. இரண்டு தாண்டல்களுக்கு நடுவே உள்ள ஓய்வில் மனத்தில் ஒருமுறை தாண்டுவதை அவர் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்தை அவரிடமும் காட்டுங்கள். செக் மார்க்கை அளந்து தரக்கூடியவர் அவர்தான்.

இன்று மாலை அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள்: கண்ணை மூடி ஓடும்போது பலகை எத்தனையாவது அடியில் கண்ணில் படுகிறது? அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் கவலை வேண்டாம். நாளை மைதானத்தில் உண்மையாக ஓடி, எண்ணிவிட்டு வந்து சொல்லட்டும்.