நீர்க்கடுப்புக்கும் பேதிக்கும் ஒரே மாத்திரையா? ஆன்டிபயாடிக் பற்றிய கேள்வி பதில்

ஆஸ்பத்திரி பார்மசியில் வேலை பார்ப்பவள் நான். யூரின் இன்ஃபெக்ஷன், வயிற்றுப்போக்கு இந்த ரெண்டுக்கும் போடும் ஆன்டிபயாடிக் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். உங்கள் உடம்பைப் பார்க்காமல் என்ன மாத்திரை போடலாம் என்று நான் சொல்ல முடியாது. டாக்டர் எழுதிக் கொடுத்ததை எப்படிப் பாதுகாப்பாகச் சாப்பிடுவது, எங்கே உஷாராக இருக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

கேள்வி: அக்கா, போன மாதம் அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் ஓஃப்ளாக்சசின் ஆர்னிடசோல் கொடுத்தார்கள். இப்போது எனக்கு நீர்க்கடுப்பு, மிச்சம் இருந்த அதையே போடலாமா?

வேண்டாம் தம்பி. அந்த மாத்திரையில் ரெண்டு மருந்து சேர்ந்திருக்கிறது. ஆர்னிடசோல் அமீபாவையும் காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாவையும் கொல்லும். சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா, அதை ஆர்னிடசோல் தொடவே தொடாது. ஆக, பாதி மாத்திரை உங்களுக்கு வாய்க்கசப்பும் குமட்டலும் மட்டும்தான் கொடுக்கும். மீதி பாதியான ஓஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கு நம் ஊர் ஈ.கோலையில் பெரும்பகுதி ஏற்கெனவே அசைந்து கொடுப்பதில்லை. போதாததற்கு 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, சாதாரண நீர்க்கடுப்புக்கு வேறு மருந்து இருக்கும்போது இந்தக் குடும்பத்தைத் தொடாதீர்கள் என்றே எச்சரித்தது. உங்கள் அப்பாவுக்கும் அது தேவைப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான், தண்ணீராகப் போகும் பேதி பெரும்பாலும் மருந்தில்லாமலே அடங்கிவிடும். இன்னொன்று, ஆண்களுக்கு நீர்க்கடுப்பு வந்தால் புராஸ்டேட், கல் என்று வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதனால் டாக்டரைப் பார்க்காமல் விடாதீர்கள்.

கேள்வி: டாக்டர் நைட்ரோஃபுரான்டாயின் எழுதினார். ஒரு வேளை போட்டதுமே சிறுநீர் டீ டிகாக்ஷன் மாதிரி போகிறது. பயந்து நிறுத்திவிட்டேன் மேடம்.

மருந்தின் நிறம்தான் அது, ரத்தம் இல்லை. கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு இது முதல் வரிசை மருந்து, வழக்கமாக 100 மில்லிகிராம், தினம் ரெண்டு வேளை, ஐந்து நாள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பாட்டோடு போட்டால் குமட்டலும் குறையும், மருந்தும் நன்றாக உடம்பில் சேரும்.

இந்த மருந்து சிறுநீரில்தான் போய்ச் சேர்கிறது, சிறுநீரகச் சதைக்குள் போதுமான அளவு ஏறுவதில்லை. அதனால் குளிர்க்காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி என்று வந்தால் தொற்று மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்போது இந்த மாத்திரையை நம்பி வீட்டில் உட்காரக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. கிட்னி வேலை நன்றாகக் குறைந்தவர்களுக்கும், பிரசவ நாள் நெருங்கியவர்களுக்கும், ஜி6பிடி குறைபாடு (பரம்பரையாக வரும் ஒரு என்சைம் குறைபாடு) உள்ளவர்களுக்கும் இது ஆகாது. மாதக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் உடனே சொல்ல வேண்டும், நுரையீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து இது.

கேள்வி: எரிச்சலுக்கு சிட்ரால்கா குடிக்கிறேன், கூடவே நைட்ரோஃபுரான்டாயினும். சரிதானே?

எல்லார் வீட்டிலும் இருக்கும் சிரப் என்பதால் யாரும் யோசிப்பதில்லை. அது சிறுநீரின் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையை, குறைக்கும், எரிச்சல் கொஞ்சம் அடங்கும். ஆனால் நைட்ரோஃபுரான்டாயின் புளிப்பான சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும், ரெண்டையும் சேர்த்துக் குடித்தால் ஒன்று இன்னொன்றின் காலை வாரிவிடும். மக்னீசியம் டிரைசிலிகேட் உள்ள அல்சர் மருந்தும் அதே சமயத்தில் வேண்டாம். பார்லி தண்ணீர், மோர், இளநீர் குடியுங்கள், தடையில்லை, ஆனால் அது மருந்துக்குப் பதில் ஆகாது.

கேள்வி: யூரின் கல்ச்சர் கொடுக்கச் சொன்னார்கள். அவசரத்துக்கு ரெண்டு மாத்திரை போட்டுவிட்டுப் போனேன், கிருமியே வளரவில்லை என்று வந்தது. ஆனால் எரிச்சல் இருக்கிறதே?

கல்ச்சர் என்பது சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் ஒரு தட்டில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: கல்ச்சர் முதலில், மாத்திரை பிறகு. ரெண்டு மாத்திரை உள்ளே போனாலே கிருமி தட்டில் வளராமல் போகலாம், ஆனால் உடம்பில் செத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி அடைபட்டுப் போகிறது. எரிச்சல் தொடர்வதை டாக்டரிடம் சொல்லுங்கள், எப்போது மறுபடி கொடுக்கலாம் என்று அவர் சொல்வார்.

கொடுக்கும் முறையும் முக்கியம். கையையும் சிறுநீர் வரும் இடத்தையும் வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். டப்பாவின் உள்பக்கத்தையோ மூடியின் அடியையோ விரல் தொடக் கூடாது. ரெண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் எடுத்து மதியம் வரை ஹேண்ட்பேக்கில் வெயிலில் சுற்றிய சாம்பிளில் எது வளர்ந்தாலும் அது உங்கள் உடம்பில் இருந்ததா, டப்பாவில் பெருகியதா என்று யாராலும் சொல்ல முடியாது. ரிசல்ட் வர ரெண்டு, மூன்று நாள் ஆகும். கர்ப்பிணிகள், காய்ச்சலோடு வருபவர்கள் இவர்களுக்கு சாம்பிள் எடுத்த கையோடு டாக்டர் மருந்து தொடங்கிவிடுவார், ரிசல்ட் வந்ததும் மாற்றுவார்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை. மாஸ்டர் செக்கப்பில் கல்ச்சரில் ஈ.கோலை வந்தது. எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. டாக்டர் மருந்தே கொடுக்கவில்லை, வேறு டாக்டரிடம் போகட்டுமா?

அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள். தொந்தரவு எதுவும் இல்லாமல் சிறுநீரில் பாக்டீரியா மட்டும் இருந்தால், சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மருந்து தேவையில்லை, கொடுத்தால் நன்மையும் இல்லை. கொன்ற இடத்தில் இன்னும் பிடிவாதமான கிருமி வந்து உட்காரும். விதிவிலக்கு, கர்ப்பிணிப் பெண்கள். அவர்களுக்கு எரிச்சல் இல்லாவிட்டாலும் மருந்து கொடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் சிறுநீரகத்துக்கு ஏறும் அபாயம் அதிகம். சிறுநீர்ப் பாதையில் ரத்தம் வரக்கூடிய ஆபரேஷனுக்கு முன்பும் கொடுப்பார்கள்.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தைக்கு நேற்றிலிருந்து தண்ணீராகப் போகிறது. கடையில் ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தார்கள். தொடங்கட்டுமா?

பாட்டிலைத் திறக்காதீர்கள். இந்த வயதில் பெரும்பாலும் வைரஸ்தான், ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது, நல்ல கிருமிகளையும் கொன்று பேதியை அதிகமாக்கலாம். குழந்தைக்கு இப்போது வேண்டியது ஓஆர்எஸ். 1971-ல் பங்களாதேஷ் போர் அகதிகள் நிறைந்த வங்க எல்லை முகாமில் காலரா பரவி, சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைச் சொந்தக்காரர்கள் கையாலேயே கொடுக்க வைத்து ஏராளமான உயிரைக் காப்பாற்றினார். காலராவுக்கே தாங்கிய மருந்து அது.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள், பெரியது ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறி ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுவதும் தவறு, முழு பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரைத்து 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி. கூடவே துத்தநாக மருந்து, வழக்கமாகச் சொல்லும் அளவு தினம் 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் (ஆறு மாதத்துக்குக் கீழ் 10 மில்லிகிராம்). பேதி நின்றாலும் நிறுத்தாதீர்கள். லோபரமைடு மாதிரி பேதியைக் கட்டும் மாத்திரை சின்னக் குழந்தைக்குக் கூடவே கூடாது. கண் குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

கேள்வி: அப்படியானால் வயிற்றுக்கு எப்போதுதான் ஆன்டிபயாடிக்? என் தம்பிக்கு டைஃபாய்டு, செஃபிக்சைம் போட்டு மூன்று நாள் ஆகியும் காய்ச்சல் விடவில்லை.

ரத்தமும் சளியுமாகப் போகும் சீதபேதியோடு காய்ச்சல், கடுமையான காலரா, டைஃபாய்டு, உறுதியான அமீபா, இவற்றுக்கு வேண்டும். டைஃபாய்டில் மருந்து சரியாக வேலை செய்தாலும் காய்ச்சல் முழுக்க விட நாலைந்து நாள் ஆகும். அவசரப்பட்டு நீங்களாக மாற்றாதீர்கள், அதே சமயம் வயிறு கல் மாதிரி ஆனாலோ, கறுப்பாக மலம் போனாலோ, பிதற்றினாலோ காத்திருக்காதீர்கள். வைடால் என்ற டைஃபாய்டு ரத்த டெஸ்டை மட்டும் வைத்து முடிவு செய்ததா என்று கேளுங்கள், அது பல சமயம் ஏமாற்றும், ரத்தக் கல்ச்சர்தான் நம்பகமானது, அதையும் மருந்துக்கு முன் எடுக்க வேண்டும். ஒரு காலத்தில் டைஃபாய்டு என்றாலே சிப்ரோஃப்ளாக்சசின்தான், இன்று நம் நாட்டில் அதை நம்பிக் கொடுக்க முடியவில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-ல் தொடங்கிப் பரவிய டைஃபாய்டு, செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கே அசையவில்லை. அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

கேள்வி: அம்மா, எனக்கு 64 வயது. சிப்ரோஃப்ளாக்சசின் நாலாவது நாள், குதிகாலுக்கு மேலே நரம்பு இழுத்துப் பிடிக்கிறது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

ஐயா, அடுத்த மாத்திரையைப் போடாமல் இப்போதே டாக்டரைக் கூப்பிடுங்கள். குதிகால் தசைநாரை வீங்க வைத்து, சில சமயம் அறுத்தே விடும் மருந்து இது, 60 வயதுக்கு மேல் என்றாலும் ஸ்டீராய்டு சேர்ந்தாலும் ஆபத்து கூடும், உங்களுக்கு ரெண்டும் இருக்கிறது. அந்தக் காலை அழுத்தி நடக்காதீர்கள், எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுத்தால் அதையும் சொல்லுங்கள், சிப்ரோவோடு சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி வலிப்பு வரை போகலாம். ஸ்டீராய்டை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

மற்றவர்களுக்கும்: சர்க்கரைக்கு கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுபவர்களுக்குச் சிப்ரோவோடு சர்க்கரை திடீரென்று இறங்கலாம். முதுகு பிடிப்புக்குக் கொடுக்கும் டிசானிடின் சிப்ரோவோடு சேரவே கூடாது, ரத்த அழுத்தம் படுத்துவிடும். கை கால் மரத்துப்போனாலும் நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும்.

கேள்வி: இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறேன். சிப்ரோவோடு பாலில் விழுங்கலாமா?

கூடாது. கால்சியம், இரும்பு, துத்தநாகம், அல்சர் ஜெல் எல்லாமே அதைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் ஏற விடாது. சிப்ரோவை ரெண்டு மணி நேரம் முன்பே போடுங்கள், அல்லது அவற்றுக்கு ஆறு மணி நேரம் பிறகு. தண்ணீரில் விழுங்குங்கள்.

கேள்வி: வருடத்தில் நாலு தடவை நீர்க்கடுப்பு. கணவருக்கும் மாத்திரை கொடுக்க வேண்டுமா?

கணவருக்கு வேண்டாம், இது தொற்றிக்கொள்ளும் வகை இல்லை. தண்ணீர் நிறையக் குடியுங்கள். குறைவாகக் குடித்த பெண்கள் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்ததில் தொற்று கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்ததை 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பஸ்ஸிலும் ஆபீஸிலும் பாத்ரூம் சரியில்லை என்று நம் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டுகிறார்கள், அது மாறணும். மாதவிடாய் நின்றவர் என்றால் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ரெண்டே நாளில் சரியாகிவிட்டது. மிச்ச மாத்திரையை எடுத்து வைக்கலாமா? கடையிலும் ரெண்டு ரெண்டாகத்தான் வெட்டித் தருகிறார்கள்.

டாக்டர் சொன்ன நாள் வரை போடுங்கள், முன்னால் நிறுத்த நினைத்தால் அவரைக் கேளுங்கள். அதற்காக அதிக நாள் போட்டால் அதிக நல்லது என்றும் இல்லை. மிச்சம் வந்தால் அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள், அடுத்த முறைக்கும் வைக்காதீர்கள்.

வெட்டிக் கொடுத்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். பாதி சமயம் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கடைக்காரரிடம் உள்ள மறுபாதியில் தங்கிவிடும். நாளைக்கு உடம்பில் தடிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்கு ஒரு வெள்ளி நிறத் துண்டுதான் உங்கள் கையில் இருக்கும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. செஃபிக்சைம் மாதிரி சிலது அட்டவணை எச்1 என்ற அரசின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வரும், 2014 மார்ச் முதல் நோயாளி பெயர், டாக்டர் பெயர் எழுதித் தனிப் பதிவேடு வைத்துத்தான் கடையில் கொடுக்க வேண்டும். முழு கோர்ஸையும் பெயரும் தேதியும் தெரியும்படி வாங்குங்கள், பில்லையும் கேட்டு வாங்குங்கள், அதில் பேட்ச் நம்பர் இருக்கும்.